தொட்டிக்காரர்களுக்குக் காற்று

வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வதில் சின்னவளை மிஞ்ச ஆள் கிடையாது. வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். ஆனாலும் அவள் கொடுத்த வாய்க்கு ஒரு தொழிற்சாலையே தலைகீழாகப் புரளும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை, அவளே எதிர்பார்க்கவில்லை.

அவள் ஒரு ஸ்பிரிட் தொழிற்சாலையில் கெமிஸ்ட். சர்க்கரை ஆலை வேண்டாமென்று தள்ளிவிடும் கறுப்புப் பாகைத் தண்ணீரில் கரைத்து, ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு இருக்கும் இரும்புத் தொட்டிகளில் நிரப்புவார்கள். அதில் ஈஸ்ட்டைப் போட்டு மூடியை இறுக்கிவிட்டால் போதும். பாகில் இருக்கும் சர்க்கரையெல்லாம் தானாக ஸ்பிரிட் ஆகிவிடும். அதைக் காய்ச்சி வடித்து ஆஸ்பத்திரிகளுக்கும் பெயின்ட் கம்பெனிகளுக்கும் அனுப்புவார்கள். தொட்டியிலிருந்து கொஞ்சம் மொண்டு வந்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதும், சூடு பார்ப்பதும், புளிப்பு பார்ப்பதும் சின்னவளின் வேலை.

அன்றைக்குத் தொழிலாளர் துறையிலிருந்து புது இன்ஸ்பெக்டர் வந்தார். வேறு யாருமல்ல, அவளுடைய அக்காள் புருஷன். வேறொரு துறையில் பல வருஷம் குப்பை கொட்டிவிட்டு, அப்போதுதான் மாற்றலாகி வந்திருந்தார். நல்ல மனிதர். ஒரே ஒரு கோளாறு, எதையும் எழுத்துப் பிசகாமல் எடுத்துக்கொள்வார். ஒருமுறை பல் டாக்டர் வாசலில் ‘காலணிகளை இங்கே விடவும்’ என்று எழுதியிருந்ததைப் பார்த்துச் செருப்பைக் கழற்றிவிட்டவர், திரும்பும்போது வெறுங்காலோடு வீடு வந்து சேர்ந்தார். மறுபடி எடுத்துக்கொள்ளலாம் என்று எங்கேயும் எழுதவில்லையாம்.

சொந்தக்காரி என்ற சலுகையெல்லாம் காட்டவில்லை. தீயணைப்பு வாளி, கழிவறை, மாடிப்படியின் கைப்பிடி என்று ஒவ்வொன்றாகத் தொட்டுத் தடவிப் பார்த்துக்கொண்டே தொட்டிகள் இருக்கும் கூடத்துக்கு வந்தார். ஒவ்வொரு தொட்டியின் உச்சியிலிருந்தும் ஒரு குழாய் வளைந்து வந்து தண்ணீர் வாளியில் முடியும். வாளியில் குமிழ்கள் ஓயாமல் கொப்பளித்துக்கொண்டிருந்தன. அவர் தொட்டியில் காதை வைத்துக் கேட்டார்.

“உள்ள யாரு?”

காலையிலிருந்து அவர் பின்னாலேயே நடந்து சின்னவளுக்குக் கால் கடுத்துப் போயிருந்தது. “இங்க நிஜமா வேலை செய்யறவங்க அவங்கதான் அத்தான். நாங்கல்லாம் சும்மா வேடிக்கை பாத்துட்டு சம்பளம் வாங்கறோம்” என்றாள்.

அவர் சிரிக்கவில்லை. பேனாவைத் திறந்தார்.

“எத்தனை பேர் இருப்பாங்க?”

“ஒரு சொட்டுக்குள்ளயே பல லட்சம் பேர்.”

“ஷிஃப்ட் எப்படி?”

“ஷிஃப்ட்டெல்லாம் இல்ல. சாகற வரைக்கும்.”

பேனா நின்றது. “காத்து எப்படிப் போகுது?”

“காத்து விடமாட்டோம் அத்தான். விட்டா ஸ்பிரிட் சரியா வராதே.”

சொன்ன பிறகுதான் அவர் முகத்தைப் பார்த்தாள். ரத்தம் சுண்டி வெளுத்திருந்தது. இது விளையாட்டு, ஈஸ்ட் என்பது கண்ணுக்குத் தெரியாத காளான் வகை என்று அவள் அவசர அவசரமாக விளக்க ஆரம்பித்தாள். அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

“உயிர் இருக்கா, இல்லையா?”

உயிர் இல்லை என்று எப்படிச் சொல்வாள்?

ஞாயிற்றுக்கிழமை அக்காள் வீட்டில் மதியச் சாப்பாடு. சின்னவள் இதை எப்படியாவது பேசி முடித்துவிடலாம் என்றுதான் போனாள். தட்டில் கை வைத்ததுமே அத்தான் ஆரம்பித்துவிட்டார்.

“காத்து இல்லேன்னா அவங்களுக்கு என்ன ஆகும்? ஒளிக்காம சொல்லு.”

அவளுக்கு ஒளிக்கத் தெரியாது. “ஒவ்வொரு உயிரணுவுக்குள்ளயும் சார்ஜ் ஏத்தற பேட்டரி மாதிரி ஒண்ணு இருக்கு அத்தான். ஏடிபின்னு சொல்வோம். நகரணும்னாலும் வளரணும்னாலும் அந்த பேட்டரிலருந்துதான் சக்தி வரணும். அது தீரத் தீர மறுபடி சார்ஜ் பண்ணத்தான் சாப்பாடு. காத்து இருந்தா சர்க்கரையைக் கடைசி வரைக்கும் எரிச்சு, ஒரு மூலக்கூறுக்கு முப்பது பேட்டரி வரைக்கும் சார்ஜ் பண்ணிக்கும். காத்து இல்லேன்னா பாதி வழியிலயே நின்னுரும். ரெண்டே ரெண்டுதான் தேறும்.”

“மிச்ச சக்தி எங்க போகுது?”

“ஸ்பிரிட்லயே தங்கிரும். அதனாலதானே தீக்குச்சியைக் காட்டினா பத்திக்குது.”

அத்தான் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். “அப்போ அவங்க சாப்பாட்டை வாயிலருந்து பாதியில பிடுங்கி, பாட்டில்ல அடைச்சு விக்கறீங்க.”

“அப்படிப் பாத்தா...”

“வேற எப்படிப் பாக்கறது?”

வேறு எப்படிப் பார்ப்பது என்று அவளும் யோசித்தாள். பேச்சை மாற்றியிருக்கலாம். வாய் சும்மா இருந்தால்தானே? “கடைசியில தொட்டியில ஸ்பிரிட் ரொம்ப ஏறிட்டா அதுலயே செத்துருவாங்க” என்று முடித்தாள். அவர் எழுந்து கை கழுவப் போய்விட்டார்.

அக்காள் சமையலறைக்குள் அவளை இழுத்துக்கொண்டு போய்த் தணிந்த குரலில் சொன்னாள். “இத்தனை வருஷமா அவரைப் பழைய பத்திரக் கட்டுங்களோட ஒரு நிலவறையில உக்கார வச்சிருந்தாங்கடி. ஜன்னலே கிடையாது. ஒரு நாய்கூட வந்து உனக்கு மூச்சு முட்டலையான்னு கேக்கலை. இப்பதான் வாய்க்கு ருசியா சாப்பிடறாரு. அவர் என்ன பண்ணாலும் பண்ணட்டும், விட்டுரு.”

விட்டுவிட்டாள். வேறென்ன செய்ய?

தொழிற்சாலைக்கு நோட்டீஸ் வந்தபோது முதலாளி முதலில் சிரித்தார், பிறகு வக்கீலைக் கூப்பிட்டார். வக்கீல் சட்டத்தை இரண்டு தடவை படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். ஆலைக்குள் உயிரோடு இருந்து உற்பத்தியில் ஈடுபடும் ‘எவரும்’ தொழிலாளி என்றுதான் போட்டிருக்கிறது, மனுஷன் என்று எந்த இடத்திலும் போடவில்லை என்றார். வழக்குப் போட்டால் நிச்சயம் ஜெயிக்கலாம், ஆனால் அதுவரைக்கும் தொட்டிகளுக்கு சீல் வைத்துவிடுவார்கள்.

முதலாளி சின்னவளிடம் திரும்பினார். “உங்க அத்தானுக்கு இப்ப என்னதான் வேணுமாம்?”

“காத்து வேணுமாம் சார். தொட்டிக்கு.”

“குடுத்துத் தொலை. ஒரு தொட்டிக்கு மட்டும் குடு. பாத்துட்டுப் போகட்டும்.”

ஃபிட்டரை எல்லோரும் ஸ்பேனர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவன் பழைய காற்றடிக்கும் மெஷின் ஒன்றைத் தூசி தட்டி எடுத்து வந்து, தொட்டியின் அடி வரைக்கும் ஓட்டை போட்ட குழாய் ஒன்றை இறக்கினான். “மேடம், வெளிய யாராவது கேட்டா நான் வேற ரிப்பேருக்கு வந்தேன்னு சொல்லிருங்க” என்று கேட்டுக்கொண்டான். அத்தான் இஸ்திரி போட்ட சட்டையோடு வந்திருந்தார். ஏணியில் ஏறி, மூடி வழியாகக் குனிந்து, “இனிமே பயம் வேண்டாம். நல்லா மூச்சு விடுங்க” என்று உள்ளே பார்த்துச் சொன்னார். ஸ்பேனர் சுவிட்சைப் போட்டான்.

மறுநாள் பார்த்தால் அந்தத் தொட்டியிலும் ஸ்பிரிட் ஊறிக்கொண்டுதான் இருந்தது. அத்தானுக்கு முகம் விழுந்துவிட்டது. முதலாளி ராத்திரியில் காற்றை நிறுத்தியிருப்பார், இல்லாவிட்டால் அவர்களை மிரட்டியிருப்பார் என்று சந்தேகப்பட்டார்.

“யாரும் மிரட்டலை அத்தான்” என்றாள் சின்னவள். “எதிர்ல மலை மாதிரி சர்க்கரை கொட்டிக் கிடந்தா, காத்து இருந்தாலும் இவங்க அவசர அவசரமாத்தான் முழுங்குவாங்க. பாதி மென்னு பாதி துப்புவாங்க. அது இவங்க சுபாவம். கொஞ்சம் கொஞ்சமா வச்சாத்தான் ஒழுங்கா சாப்பிடுவாங்க.”

“அப்போ கொஞ்சம் கொஞ்சமாப் பரிமாறுங்க.”

பாகை இழையாக ஒழுகவிடும் ஒரு திருகுக் குழாயை ஸ்பேனர் மாட்டினான். ஈஸ்ட்டுக்குப் பந்தி வைக்கும் காலமும் வந்துவிட்டது என்று முணுமுணுத்தான். ஆனால் அதற்குப் பிறகு நடந்ததைப் பார்த்து அவன் வாயும் அடைத்துப் போயிற்று.

ஸ்பிரிட் நின்றேவிட்டது. கூடத்தில் எப்போதும் அடிக்கும் போதை வாடை போய், பிசைந்து வைத்த மாவின் வாசனை பரவியது. தொட்டியைத் தொட்டால் ஜுரக்காரன் நெற்றி மாதிரி சுட்டது. தண்ணீர் பாய்ச்சிக் குளிரவைக்க வேண்டியிருந்தது. உள்ளே இருந்த கறுப்புத் திரவம் நாளுக்கு நாள் வெளுத்துத் தடித்தது. ஒருநாள் காலை சின்னவள் வேலைக்கு வந்தபோது, மூடியைத் தள்ளிக்கொண்டு வெள்ளை நுரை பொங்கி ஏணிப்படிகளில் இறங்கிக்கொண்டிருந்தது. அது கூடத்தைக் கடந்து, கதவிடுக்கில் நுழைந்து, முதலாளியின் அறைக்குள் போயிருந்தது. முதலாளி மேஜைமேல் காலைத் தூக்கி வைத்து உட்கார்ந்திருந்தார். அவருடைய ஷூ நுரைக்குள் எங்கேயோ இருந்தது.

“இவங்களுக்கெல்லாம் நான் சம்பளம் குடுக்கணுமா?” என்று அவர் கேட்டார். குரலில் கோபம் இல்லை, உண்மையான கவலைதான் இருந்தது.

அத்தானுக்கோ கால் தரையில் பாவவில்லை. மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டுமென்று ஆசைப்பட்டார். சின்னவள் ஒரு துளியைக் கண்ணாடித் துண்டில் வைத்துக் காட்டினாள். அவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெகு நேரம் பார்த்தார்.

“எல்லார் முதுகுலயும் சின்னதா ஒரு உருண்டை ஒட்டிட்டு இருக்கே?”

“குழந்தை.”

அவர் முகம் அப்படியே மலர்ந்தது. தாயும் சேயும் நன்றாக இருக்கிறார்கள் என்ற செய்தியைக் கேட்ட மாதிரி சிரித்தார். அப்புறம் சிரிப்பு மெதுவாக வடிந்தது.

“இவங்களுக்கு வயசு என்ன இருக்கும்?”

“ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தலைமுறை அத்தான். அதுக்குள்ள...” என்று ஆரம்பித்தவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். கொஞ்சம் தாமதமாகிவிட்டது.

“பதினாலு வயசு ஆனவங்க ஒருத்தர்கூட இல்லையா இங்க?” அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். “மொத்தமும் குழந்தைத் தொழிலாளிங்களா?”

இதற்கு அபராதம் கிடையாது, நேராக ஜெயில்தான் என்று முதலாளிக்குத் தெரியும். அவர் வெறுங்காலோடு வந்து சின்னவளை ஓரமாக அழைத்துப் போனார். “நீதான் ஆரம்பிச்சு வச்சே. நீயே முடிச்சு வை” என்றார். கெஞ்சல்தான் அது. மைக்ராஸ்கோப் பக்கம் திரும்பிப் பார்த்தபோது அவளுக்குப் பளிச்சென்று ஒன்று பட்டது.

“அத்தான், இவங்க இப்ப என்ன உற்பத்தி பண்றாங்க?”

“என்ன பண்றாங்க?”

“ஒண்ணும் பண்ணலை. ஸ்பிரிட் நின்னு போச்சு. சாப்பிடறாங்க, மூச்சு விடறாங்க, புள்ள பெத்துக்கறாங்க. இதுக்குப் பேரு வேலையா, குடித்தனமா?”

அவர் மறுபடியும் மைக்ராஸ்கோப்பில் குனிந்து பார்த்தார்.

“குடித்தனம்தான்” என்றார் கடைசியில். “இது ஆலை இல்ல. வீடு. மத்த தொட்டிங்களையும் இப்படியே வீடாக்கிருங்க. வீட்டுக்குள்ள நான் வர முடியாது.” முதலாளி சுவரில் சாய்ந்து மூச்சு விட்டார்.

சின்னவள் அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். ஜெயித்த தெம்பு வாயைத் திறந்துவிட்டது. “இதுக்கே இப்படிச் சொல்றீங்க. உங்க உடம்புக்குள்ள ஒரு கூட்டம் இருக்கு தெரியுமா? மைட்டோகாண்ட்ரியான்னு பேரு. நூத்தம்பது கோடி வருஷத்துக்கு முன்னால பாக்டீரியாவா சுதந்திரமா சுத்திட்டு இருந்தவங்கதான். ஏதோ ஒரு உயிரணு முழுங்கிருச்சு. செரிக்கலை. சரி, உள்ளயே கெடன்னு வச்சு, அன்னிலருந்து பேட்டரி சார்ஜ் பண்ற வேலை வாங்கிட்டு இருக்கு.”

“இன்னி வரைக்குமா?”

“இன்னி வரைக்கும். நின்னா நாம அவுட்.”

“லீவு?”

“லீவாவது ஒண்ணாவது.”

அவர் பையை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். வாசல் வரைக்கும் மிக மிக மெதுவாக, ஒவ்வொரு அடியாக எடுத்துவைத்து நடந்தார்.

இரண்டு நாள் கழித்து அக்காள் போன் செய்தாள். “என்னடி சொல்லித் தொலைச்சே? மனுஷன் கட்டிலை விட்டு இறங்க மாட்டேங்கறாரு. என்னன்னு கேட்டா, தொழிலாளிங்களுக்கு லீவு விட்டிருக்காராம்.”

சின்னவள் மதியம் அரை நாள் லீவு போட்டுவிட்டு ஓடினாள். அத்தான் ஜன்னலுக்குப் பக்கத்தில் கட்டிலை இழுத்துப் போட்டு மல்லாந்து படுத்திருந்தார். கண்ணை மட்டும் அவள் பக்கம் திருப்பினார். பேசினால் அவர்களுக்கு வேலை வைத்த மாதிரி ஆகுமென்று உதட்டை அசைத்துக் காற்றாகப் பேசினார்.

“ஊரெல்லாம் போய் நோட்டீஸ் ஒட்டினேன். நான்தான் இருக்கறதுலயே மோசமான முதலாளி.”

“அத்தான், இப்படிப் படுத்தே கெடந்தா அவங்களுக்கு நல்லது இல்ல. உடம்பை அசைக்காம இருந்தா அவங்க எண்ணிக்கை குறைஞ்சுக்கிட்டே போகும். நடந்தா ஓடினாத்தான் பெருகுவாங்க.”

“வெளிய விட்டுட்டா?”

“பிழைக்க மாட்டாங்க. தங்களை எப்படிக் கட்டி எழுப்பணும்ங்கற விவரத்துல முக்காலே மூணுவீசத்தை எப்பவோ நம்ம கையில குடுத்துட்டாங்க. தனியா இருக்கறது எப்படின்னே மறந்து போச்சு. அவங்க இல்லேன்னா நாம இல்ல. நாம இல்லேன்னா அவங்களும் இல்ல. ரெண்டு பேரும் எங்கயும் போக முடியாது.”

அக்காள் கதவில் சாய்ந்து ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“அதுக்குப் பேரு கல்யாணம்” என்றாள். “எந்திரிச்சுப் போய்க் குளிங்க.”

அத்தான் கூரையைப் பார்த்தபடி அதை மனசுக்குள் புரட்டிப் பார்த்தார். பிறகு முழுக் குரலில், “கல்யாணம்னா எங்க துறை இல்ல, குடும்பக் கோர்ட்டு” என்றார். எழுந்து துண்டைத் தேடினார். இவ்வளவு படித்து என்ன பிரயோஜனம், அக்காள் ஒரே வரியில் முடித்துவிட்டாளே என்று சின்னவளுக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

இதற்கிடையில் தொழிற்சாலையில் முதலாளி சும்மா இருக்கவில்லை. தன் அறையில் நிரம்பியிருந்த நுரையை வழித்துத் துணியில் கட்டிப் பிழியச் சொல்லியிருந்தார். அது வெண்ணெய்க் கட்டி மாதிரி இறுகியது. பக்கத்து ரொட்டிக் கம்பெனிக்காரன் வந்து விரலால் கிள்ளி முகர்ந்து பார்த்துவிட்டு, எவ்வளவு இருந்தாலும் தனக்கே வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றான். கொஞ்ச நாளில் மற்ற தொட்டிகளுக்கும் காற்றுக் குழாய் இறங்கியது. வாசலில் இருந்த ஸ்பிரிட் என்ற பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்டு ஈஸ்ட் என்று மாட்டினார்கள். இந்த யோசனை தனக்கு ரொம்ப நாளாகவே இருந்தது என்று முதலாளி வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார்.

அத்தான் ஒருநாள் மாலை சும்மா பார்த்துவிட்டுப் போக வந்தார். இன்ஸ்பெக்டராக வரவில்லை, விருந்தாளியாக வந்தார். தொட்டிகளைச் சுற்றி நடந்து, ஒவ்வொன்றின் சூட்டையும் உள்ளங்கையால் பார்த்தார். வெளியே வந்தபோது ஒரு வேனில் ஈஸ்ட் கட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

“இவங்க எங்க போறாங்க?”

இந்த ஒரு தடவையாவது வாயை மூடிக்கொண்டிருக்கலாம் என்று பார்த்தாள் சின்னவள். “ரொட்டிக் கம்பெனிக்கு” என்றாள்.

“அங்க என்ன?”

“மாவுல கலப்பாங்க. மாவுல இருக்கற சர்க்கரையைச் சாப்பிட்டு வாயு விடுவாங்க. ரொட்டி உப்பும்.”

“அப்புறம்?”

அவள் வேனைப் பார்த்தாள். ஸ்பேனரைப் பார்த்தாள். ஸ்பேனர் வேறு பக்கம் பார்த்தான். “அடுப்புல வைப்பாங்க அத்தான்.”

வேன்காரன் கதவைச் சாத்தி, வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனான். தெருமுனையில் அது திரும்பி மறையும் வரை அவர் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “அந்த ரொட்டிக் கம்பெனி பாலத்துக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?” என்று கேட்டார்.

“அந்தப் பக்கம்.”

“அந்தப் பக்கம் வேற இன்ஸ்பெக்டர்” என்றார். நெஞ்சிலிருந்து எதையோ இறக்கிவைத்த மாதிரி இருந்தது அந்தக் குரல். அவள் மேற்கொண்டு ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாமல் இருப்பது இவ்வளவு சுலபம் என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

புறப்படும்போது அவர் தயங்கித் தயங்கி, “குளிர்ல வச்சா என்ன ஆகும்?” என்று கேட்டார்.

“தூங்கிருவாங்க. ரொம்ப மெதுவா மூச்சு விட்டுட்டு அப்படியே கெடப்பாங்க.”

“கஷ்டப்படுவாங்களா?”

“இல்ல அத்தான்.”

ஒரே ஒரு கட்டியைக் காகிதத்தில் சுற்றி வாங்கிக்கொண்டு போனார். இப்போது அது அக்காள் வீட்டு ஃப்ரிட்ஜில், முட்டைக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதற்கு இடம் விட்டுப் பால் பாத்திரத்தை அக்காள் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிட்டாள். யார் வந்து ஃப்ரிட்ஜைத் திறந்தாலும், கதவைப் பார்த்து மெதுவாகச் சாத்தும்படி அவளே சொல்கிறாள்.